வலித்தால்தான் கிட்னியா? வேலூர் வெயிலில் நடக்கும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் கிட்னி என்று எடுத்தாலே பேச்சு நேராகக் கல்லுக்குப் போய்விடும். கத்திரி வெயில் பிறந்தால் வாழைத்தண்டுக்குத் தனி கிராக்கி. கல் வலிக்கிறது, அதனால் கவனிக்கிறோம். வடிகட்டும் திசு கெட்டால் பெரும்பாலும் வலியே இருக்காது. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-லேயே நடந்த ஊர் இது, சி.எம்.சி. மருத்துவமனையை அறியாதவர் இல்லை. ஆனாலும் முகம் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகு முதன்முதலாகக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவு) பார்ப்பவர்கள் இங்கேயும் குறையவில்லை.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு நீர் வடிகிறது. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. வடிவதற்கு அழுத்தம் வேண்டும். உள்ளே வரும் ரத்தக் குழாய் விரிந்தும் வெளியேறும் குழாய் சுருங்கியும் அந்த அழுத்தத்தைக் காப்பாற்றுகின்றன.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றவர், கட்டட வேலைக்குப் போனவர், இடுப்பு வலி என்று மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை" கேட்பார். அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது உள்வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. குழாய் சுருங்கி, வடிதல் குறைகிறது. அவரே பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்றவற்றைச் சாப்பிடுபவராக இருந்தால் வெளியேறும் குழாயும் தளர்ந்திருக்கும். கூடவே சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் என்றால் மூன்றும் சேர்ந்து ஓரிரு நாளிலேயே கிரியாட்டினினை ஏற்றிவிடலாம். அதற்காகப் பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது சிறுநீரகத்தைக் காப்பது. வாந்தி, பேதி நாட்களில் எதை நிறுத்தி வைக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கு, அளவு மீறாத பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது.

அடுத்தது லேப் ரிப்போர்ட். கிரியாட்டினின் 1.2, நார்மல் என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். 25 வயது ஆணுக்கு அந்த 1.2-க்கு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 86 அளவில் வரும். 65 வயது அம்மாவுக்கு அதே 1.2 என்றால் 50-தான். அந்த எண் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட இஜிஎஃப்ஆரைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் (ரத்தப் புரதம்)–கிரியாட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் வடிகட்டி கசிகிறது என்று பொருள். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

விதைதான் கல்லாகிறது என்று, கல்லைப் பற்றிய பயத்தில் பாதி, பாவம், கத்திரிக்காய் மேல் விழுகிறது. புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயானாலும் சரி, தக்காளியானாலும் சரி, விதை குடலைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போக வழியே இல்லை. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். கால்சியம் என்றதும் பால், தயிரை நிறுத்துவது நேர்மாறான வேலை: உணவிலுள்ள கால்சியம்தான் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடக்கூட சிறுநீரில் கால்சியமும் கூடும். கல் வந்தவருக்குத் தினம் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். மே மாதத்தில் அதற்கு மூன்று லிட்டர் தண்ணீர்கூடப் போதாமல் போகலாம். குடித்ததை எண்ணுவதைவிட, போவது வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

இதே அறிவுரையைக் கால் வீங்கிய சிறுநீரக நோயாளிக்குச் சொல்லாதீர்கள். அவருக்குத் தண்ணீர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் கொடுப்பதும் ஆபத்து; அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற முடியாமல் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பஸ்ஸிலும் வேலை இடத்திலும் பெண்கள் சிறுநீரை அடக்குவது தெரிந்த கதை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமலிருப்பது அதைவிடக் கெடுதல். கிருமியை அடித்துக்கொண்டு போக ஓட்டம் வேண்டும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

கடைசியாக, "டயாலிசிஸ் வைத்தால் ஆயுசுக்கும் விட முடியாது" என்ற பயம். வேர்க்கடலைக் கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்து சிறுநீரகம் திடீரென நின்றவர்களில் பலருக்குச் சில வாரங்களில் அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை தாங்கிப் பிடிக்கத்தான் டயாலிசிஸ். கயிறு கட்டி, பச்சிலை தேடி நேரத்தைக் கரைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். கடித்த நேரம், அதன் பிறகு எப்போது, எவ்வளவு சிறுநீர் போனது, கறுத்துப் போனதா என்பதையும் கூட வருபவர் குறித்துக்கொண்டு போய் டியூட்டி டாக்டரிடம் சொல்லட்டும். சிறுநீர் ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழே இறங்கினால் சிறுநீரகம் அடிபட்டிருக்கலாம்.