மூன்று மணி நேர அசைன்மென்ட் என்று போடும் முன்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாக லீட் ஆனவர், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் வீட்டிலிருந்தே செய்து அனுப்ப வேண்டிய புரோகிராமிங் அசைன்மென்ட்டைக் காட்டினார். லாகின், பேமென்ட், டெஸ்ட் கேஸ்கள், எல்லாம் டாக்கரில் (புரோகிராமை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓட வைக்கும் கருவி) ஓட வேண்டும். மேலே 'சுமார் 3 மணி நேரம்'. பல வருடங்களுக்கு முன் நான் எழுதியதையே மறுபடி படித்த மாதிரி இருந்தது.

நாமே செய்து பார்க்காமல் அனுப்புவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல், அதுவும் என் மேலேயே. அன்று நானும் 3 மணி நேரம் என்றுதான் போட்டேன். கணக்குப் பார்த்தா போட்டேன்? வாய்க்கு வந்த எண். 40 பேருக்கு அனுப்பினோம். ஒரு பெண் போன் செய்தார். "சார், குழந்தை தூங்கின பிறகுதான் உட்கார முடியுது. நாலு ராத்திரி ஆச்சு, பாதிதான் முடிஞ்சிருக்கு. நீங்க இதைச் செஞ்சு பார்த்தீங்களா?"

ஏதோ சமாளித்துப் போனை வைத்துவிட்டேன். சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். கேள்வியை எழுதியவன், விடையும் தெரியும். அப்படியும் 7 மணி நேரம். டேட்டாபேஸை ஓட வைக்கவே ஒன்றரை மணி போனது. புதிதாகப் பார்க்கிறவருக்கு 10 மணி என்று வைத்தாலும் 40 பேருக்கு 400 மணி நேரம். அதைப் படிக்க நாங்கள் ஒதுக்கியது ஆளுக்கு 15 நிமிடம், மொத்தமே 10 மணி. திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டபோது வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அவர் அனுப்பியிருந்த பாதிக் கோடே மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. நாங்கள் எடுத்தது, அப்போது வேலையில் இல்லாமல் வீட்டில் இருந்த ஒருவரை. நல்லவர்தான், ஆனால் அவருக்கு நேரம் இருந்தது.

லீடிடம் சொன்னேன்: கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். ஒரு மணி தாண்டினால் வெட்டுங்கள், உங்களுக்கு ஒரு மணி என்றால் வருகிறவருக்கு இரண்டு. டாக்கர், டேட்டாபேஸ் எல்லாம் நாமே தயாராகக் கொடுத்துவிடலாம். அதைவிட நல்லது, ஒரு மணி நேரம் அவருடன் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பிழையைத் திருத்துவது. நம் நேரமும் செலவாகும் என்றால் கை தானாகவே சுருங்கும்.

'எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்'

தாராளம் மாதிரிதான் தெரியும். மூன்று நாள் மெருகேற்றியதையும் இரண்டு மணியில் முடித்ததையும் பக்கத்தில் வைத்தால் எது பளபளக்கும்?

ஆறாவது ரவுண்டு

கூகுளே தன் பழைய நேர்முகத் தரவுகளை அலசி, நான்கு நேர்முகம் போதும் என்று சொல்லிவிட்டது. நமக்கு எதற்கு ஆறு? அதுவும் வேலை நாளில், மதியம் 3 மணிக்கு. வருகிறவர் இப்போதைய வேலையில் எத்தனை முறைதான் பல்வலி என்று லீவு போடுவார்?

ரெஸ்யூமைப் படிக்கும் முன்பே அசைன்மென்ட்

கூடாது.

முடிவைச் சொல்லாமல் விடுவது

பத்து மணி நேரம் கொடுத்தவருக்கு இரண்டு வரி மெயில் கூடவா போட முடியாது?