மணவிலக்கில் வீட்டுக் கணக்கு தீர்ந்த விதம்

பிரிவதில் இருவருக்கும் ஒரே முடிவு. பிள்ளைகள் அம்மாவிடம், வார இறுதியில் என்னிடம் என்பதும் பேசியாகிவிட்டது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு எங்களுடையது, அதில்தான் சிக்கல். பாதிப் பாதி என்று நான் சொல்ல, அவர் மறுக்க, மாதக்கணக்கில் இழுத்தது.

வாட்ஸ்அப்பில் பேசினோம், சண்டையானது. பெரிய மாமாவை உட்கார வைத்தோம். பழைய கதை கிளம்பியதுதான் மிச்சம். வழக்கறிஞர் கடிதங்களில் செலவு ஏறியது.

பிறகு தனியார் சமரசப் பேச்சுக்குப் போனோம். மத்தியஸ்தர் முதலில் கேட்டது, வீட்டுக்காக மத்திய சேம நிதியிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, எடுத்த பணத்தின் அறிக்கையை. எடுத்த தொகையோடு, அதை எடுக்காமல் விட்டிருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியும் அதில் தனியாக இருக்கும். வீட்டுக்குப் பணம் எடுக்கும் சேம நிதியின் ‘சாதாரணக் கணக்கு’க்கு அந்த வட்டி ஆண்டுக்கு 2.5 சதவீதம், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சின்னத் தொகையல்ல. வீட்டை விற்றால் கடன் போக, எடுத்ததும் வட்டியும் அவரவர் சேம நிதிக்கே திரும்பும். மிஞ்சுவதுதான் ரொக்கம். அவர் போட்டது என்னைவிட அதிகம் என்பது அந்தத் தாளில்தான் தெளிவாகத் தெரிந்தது. தனித்தனி அறையில் இருவரிடமும் அதை வைத்தே மத்தியஸ்தர் பேசினார். அன்றே ஒத்துக்கொண்டோம். பெரிய நிம்மதி.

ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தோடு மணவிலக்கு ஆகிவிடாது. குடும்ப நீதிமன்றம் அதை உத்தரவாக்க வேண்டும். இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு பொதுவாக 3 மாதம் கழித்தே இறுதித் தீர்ப்பு. ஒருவரே வீட்டை வைத்துக்கொள்வதானால், வீவகவின் தகுதி விதிகளைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.