கையடக்க மரைன் வயர்லெஸ்: கடலுக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

காசிமேட்டுக்கு வெளியிலோ எண்ணூர் முகத்துவாரத்துக்கு அப்பாலோ தூண்டில் போடப் போகிற சின்ன போட்டுக்கு மரைன் வி.எச்.எஃப் செட், அதாவது கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் வயர்லெஸ், கட்டாயம் வேண்டும். செல்போனில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். அவசரத்துக்கும் அழைப்புக்குமான பொதுச் சேனல் 16-ல் கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில் காது கொடுத்திருக்கும் எல்லாக் கப்பலுக்கும், கடலோரக் காவல்படைக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். அவசரத்தில் அந்தச் செட் கைவிட்டால், காரணம் பெரும்பாலும் கரையிலேயே நடந்த தவறுதான்.

எந்த வாக்கியாக இருந்தாலும் சரி என்று வாங்குவது

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளில் ஒரு வகை 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். குறைந்த சக்தியுள்ள அவற்றுக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கப்பல்கள் பேசுவது 156 மெகாஹெர்ட்ஸில். சேனல் 16 என்பது 156.8. அந்த வாக்கியில் எவ்வளவு கத்தினாலும் ஒரு கப்பலுக்கும் கேட்காது. இன்னொரு வகையில் எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் நாமே ஏற்றிக்கொள்ளலாம். அதில் 156.8-ஐ ஏற்றிக் கடலுக்கு எடுத்துப் போவது சட்டப்படி தவறு. ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் கையில் இருந்தாலும் அது மரைன் அலைவரிசைக்குச் செல்லாது. உப்புத் தண்ணீர் பட்டால் அந்த செட்டுகள் தாங்கவும் தாங்காது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் வரவழைப்பதும் வேண்டாம். அனுமதி இல்லாத வயர்லெஸ் சுங்கத்திலேயே நிற்கும். சாட்டிலைட் மெசேஜ் கருவிகளுக்கு நம் நாட்டில் கெடுபிடி இன்னும் அதிகம்.

ஒரு லைசென்ஸ் போதும் என்று நினைப்பது

வேண்டியது இரண்டு. ஒன்று, போட்டில் அந்தச் செட்டை வைத்திருக்க லைசென்ஸ். இதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு தருகிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். மற்றொன்று, செட்டை இயக்குகிற ஆளுக்கான தகுதிச் சான்றிதழ். போட்டு ஓட்டத் தெரியும் என்பது இதற்கு ஈடாகாது. முதலில் போட்டின் பதிவு, அடுத்து விண்ணப்பம், அனுமதி, அதற்குப் பிறகே செட் என்ற வரிசையில் போனால் பணம் முடங்காது. செட் மாடலுக்கு டபிள்யூ.பி.சி-யின் ஒப்புதல் இருக்கிறதா என்று பில் போடும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்.

லைசென்ஸ் போட்டுக்குத்தான். மணலில் நின்றுகொண்டு கடலில் இருக்கும் தம்பியோடு அதே செட்டில் பேசினால் அது கரை நிலையக் கணக்கு, அதற்கு அனுமதி வேறு.

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்துவது

மெனுவில் சேனல் வரிசை மூன்று இருக்கும்: சர்வதேசம், அமெரிக்கா, கனடா. அமெரிக்காவுக்கென்று வந்த செட் அந்த வரிசையிலேயே திறக்கும். சேனல் 16 மூன்றிலும் ஒன்றுதான் என்பதால் கோளாறு வெளியே தெரியாது. கரையிலிருந்து வேறொரு சேனலுக்கு மாறச் சொல்லும்போதுதான் சிக்கல்: நீங்கள் கேட்கிற அலைவரிசை ஒன்று, அவர்கள் பேசுகிறது இன்னொன்று. முதல் நாளே சர்வதேச வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

சில செட்டுகளில் டி.எஸ்.சி வசதி உண்டு: மூடிக்குள் உள்ள சிவப்புப் பட்டனை அமுக்கினால் ஆபத்து எச்சரிக்கை தானாகவே போகும். அதில் எம்.எம்.எஸ்.ஐ எண் (போட்டின் வயர்லெஸ் அடையாள எண்) ஏற்றாவிட்டால் அந்தப் பட்டன் வேலை செய்யாது. இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும், மொத்தம் 9 இலக்கம். பல செட்டுகளில் ஒரே ஒரு முறைதான் ஏற்ற முடியும், தப்பாக அடித்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். எண் முறைப்படி கைக்கு வரும் வரை ஏதோ ஒன்றைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இடத்தைத் தப்பாகச் சொல்வது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கும்போது செல்போன் மேப் 13.233 என்று காட்டும். இது டிகிரியும் அதன் பின்னமும். வயர்லெஸில் சொல்ல வேண்டியது டிகிரியும் நிமிடமும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்குங்கள்: 0.233 × 60 = 13.98, கிட்டத்தட்ட 14. ஆக, 13 டிகிரி 14 நிமிடம் வடக்கு. பதற்றத்தில் அதையே "13 டிகிரி 23.3 நிமிடம்" என்று வாசித்தால் இடம் 9.3 கடல்மைல், அதாவது சுமார் 17 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிடும். நீங்கள் எண்ணூரில் தத்தளிக்க, தேடுகிறவர்கள் பழவேற்காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். ஜி.பி.எஸ் கருவியையும் போன் செயலியையும் கரையிலேயே டிகிரி-நிமிட அமைப்புக்கு மாற்றி வையுங்கள். கூடவே ஓர் அடையாளமும் சொல்லுங்கள்: "காசிமேடு துறைமுக வாயிலுக்குக் கிழக்கே 3 கடல்மைல்". திசையை அடையாளத்திலிருந்து உங்களை நோக்கிச் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

உயிராபத்து என்றால் மட்டும் "மேடே" மூன்று முறை, போட்டின் பெயர் மூன்று முறை. மறுபடி ஒருமுறை மேடேயும் பெயரும், எம்.எம்.எஸ்.ஐ எண், இடம், என்ன ஆபத்து, எந்த உதவி வேண்டும், எத்தனை பேர், கடைசியில் "ஓவர்". இன்ஜின் நின்று மிதக்கிறீர்கள், உடனடி ஆபத்தில்லை என்றால் "பான் பான்". கப்பல்களுக்காக எளிய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதையே தமிழிலும் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பது காசிமேட்டு லாஞ்சாகவும் (விசைப்படகு) இருக்கலாம். இந்த வரிசையை எழுதி லேமினேட் செய்து போட்டில் ஒட்டிவையுங்கள். போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093.

பெட்டியில் போட்ட தூரத்தை நம்புவது

வி.எச்.எஃப் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தூரத்தைத் தீர்மானிப்பது வாட்ஸை விட உயரம். ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை (மீட்டரில்) 2.25-ஆல் பெருக்கினால் கடல்மைல் வரும். இரு பக்கத்துக்கும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். உட்கார்ந்தபடி 1 மீட்டர் உயரத்தில் பேசும் இரண்டு போட்டுகளுக்கு இடையே அதிகபட்சம் 4.5 கடல்மைல். கரையில் 64 மீட்டர் உயர ஆன்டெனா இருந்தால் 20 கடல்மைல் வரை எட்டலாம். நங்கூரமிட்ட கப்பல் குறுக்கே நின்றால் அதுவும் குறையும். எட்டவில்லை என்றால், பாதுகாப்பாக நிற்க முடியுமானால் எழுந்து நின்று, ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்து, 5 வாட்ஸில் பேசுங்கள். மற்ற நேரம் 1 வாட் போதும், பேட்டரி நிற்கும்.

ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் பிடிக்காமல் ஒரேயடியாக ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. அப்போது தூரத்துக் குரலும் சேர்ந்து அடைபடும். இரைச்சல் கேட்கும்வரை குறைத்து, அது நிற்கிற புள்ளியில் விடுங்கள்.

செட்டைப் பைக்குள் வைப்பது

தண்ணீரில் விழுபவர் கூடவே பை விழாது. செட் லைஃப் ஜாக்கெட்டில், கயிறோடு இருக்க வேண்டும். ஆனால் பேசும் பட்டன் அமுங்காத இடத்தில் மாட்டுங்கள். அது அமுங்கியே கிடந்தால் சுற்றிலும் சேனல் 16 முழுக்க அடைபட்டு, வேறொருவரின் மேடே யாருக்கும் கேட்காமல் போகும். அரட்டைக்கும் 16 இல்லை. கூப்பிட்டு ஆள் கிடைத்ததும் 72 அல்லது 77-க்கு மாறிவிட வேண்டும். சேனல் 70-ல் பேசவே கூடாது, அது டி.எஸ்.சி-க்கு மட்டும்.

செட்டில் போட்டிருக்கும் ஐ.பி.எக்ஸ்7 என்ற தண்ணீர் தாங்கும் தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், அதுவும் ரப்பர் வளையம் சுத்தமாக இருந்தால். திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, பேட்டரி முனைகளைத் துடைத்து, உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டால் லித்தியம் பேட்டரி சீக்கிரமே கெடும்.

தவறுதலாக சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு ஆஃப் செய்வது

பயந்து அணைத்துவிடாதீர்கள். எச்சரிக்கை ஏற்கெனவே போய்விட்டது, யாரோ கிளம்பியிருப்பார்கள். மெனுவில் ரத்து செய்யும் வசதி இருந்தால் செய்துவிட்டு, உடனே சேனல் 16-ல் எல்லா நிலையங்களையும் கூப்பிட்டு, போட்டின் பெயர், எம்.எம்.எஸ்.ஐ, இடம் சொல்லி, எச்சரிக்கை தவறுதலாகப் போனது, ரத்து செய்கிறேன் என்று அறிவியுங்கள். பதில் வரும்வரை செட் ஆனிலேயே இருக்கட்டும்.