'தோட்டா' மட்டும் புரியாத விளையாட்டு

செவ்வாய்ப் பாலைவனம், இயந்திரக் குதிரை, ஷெரீஃப் என்று பைத்தான் நிரல்மொழியில், கட்டளையைத் தட்டி ஆடும் தமிழ் உரை விளையாட்டு ஒன்று எழுதினேன். 'சுடு' வேலை செய்தது. 'தோட்டா போடு' என்றால் 'புரியவில்லை' என்றது. தோட்டா போடாமல் துப்பாக்கிச் சண்டை ஏது?

எழுத்துரு, விசைப்பலகை எல்லாம் மாற்றி, பைத்தானையும் மறுபடி நிறுவி நான்கு நாள் போனது. விளையாடிப் பார்த்த பொள்ளாச்சி நண்பர்தான், "ஏனுங்க, கொம்பும் காலும் சேர்ந்து வர்ற சொல்லுக்குத்தானுங்க மக்கர் பண்ணுது" என்றார்.

சரி, நீளத்தை அளந்தேன். நான் தட்டிய 'தோட்டா' 6 குறியீடு (கணினி எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியாக எண்ணும்), சொற்பட்டியலில் இருந்தது 7! பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல் அது. ஓகாரக் குறி ஒன்றாக இல்லாமல் ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகக் கிடந்தது. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் வழியாக, தட்டியது, பட்டியலில் இருப்பது இரண்டையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவு) மாற்றியதும் தோட்டா ஏறியது. அப்பாடா!