ஃபேக்ஸ் வருகிறது, மெயில் வரவில்லை: ஹைலாஃபேக்ஸில் சரிசெய்தது

பாரிமுனையில் எங்கள் அலுவலக சர்வரில் ஹைலாஃபேக்ஸ் ஓடுகிறது. மோடம் வழியாக வரும் ஃபேக்ஸை வாங்கி மெயிலில் அனுப்பும் மென்பொருள் அது. ஃபேக்ஸ் வந்து சேர்ந்தது, மெயில் மட்டும் வரவில்லை. இப்படி நடந்தால் முதலில், வந்த ஃபேக்ஸ்கள் சேரும் ரெசிவ்கியூ (recvq) ஃபோல்டரைத் திறங்கள். ஃபேக்ஸ் பக்கங்களின் படமான டிஃப் (TIFF) கோப்பு அங்கே இருந்தால் மோடமும் போன் லைனும் சரி. கோளாறு மெயில் பக்கம்தான். எங்கள் சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் லாகில், மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட் 'டைம் அவுட்' என்று நின்றது. இணைய இணைப்பு தருபவர்கள் பலர் ஸ்பாமுக்குப் பயந்து அதை மூடியே வைத்திருப்பார்கள். அலுவலக மெயில் சர்வரை ரிலே ஹோஸ்டாக, அதாவது நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் சர்வராகக் கொடுத்து, 587-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டுடன் அனுப்ப வைத்ததும் மெயில் போக ஆரம்பித்தது. அனுப்புநர் முகவரியில் சொந்த டொமைன் இருக்கட்டும். 'லோக்கல்டொமைன்' என்று போனால் எதிர்முனை திருப்பிவிடும்.

வந்த ஃபேக்ஸ் யாருக்கு, எந்த வடிவில் போக வேண்டும் என்று சொல்லும் ஃபேக்ஸ்டிஸ்பாட்ச் (FaxDispatch) கோப்பில் இரண்டே வரி: சென்ட்டூவில் (SENDTO) முகவரி, ஃபைல்டைப்பில் (FILETYPE) பிடிஎஃப். டிஃப்பாகவே விட்டால் சில மொபைல்களில் முதல் பக்கம்தான் தெரியும். முகவரி பொதுவானதாக இருக்கட்டும். ஒருவர் பெயரில் போட்டால் அவர் லீவு எடுக்கும் நாளில் ஆர்டர் தேங்கும்.

ஃபைபருக்கு மாறிய போன் லைனில் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்தால் அது வேறு கோளாறு. பேச்சைச் சுருக்கும் கோடெக் ஃபேக்ஸ் ஒலியைச் சிதைக்கும். ஒலியை அவ்வளவாகச் சுருக்காத ஜி.711 கோடெக் அல்லது ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறையை லைன் தருபவரிடம் கேட்டு வாங்குங்கள். மோடம் கான்ஃபிக்கில் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்கு மேல் விடாதீர்கள்.