அப்பாவின் துப்பாக்கியை என்ன செய்வது? லைசென்ஸ், வாரிசு, பழுது: முதல்முறை போகிறவர்களுக்கு

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துப் பழைய சம்சாரி வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு துப்பாக்கி இருக்கும். கடலைக்காட்டுக் காவலுக்கென்று தாத்தா லைசென்ஸ் எடுத்து வாங்கியிருப்பார். அவருக்குப் பின் அப்பா வைத்திருந்தார். இப்போது அப்பாவும் இல்லை, பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். "நம்ம வீட்டுச் சொத்துதானே, பரண்ல கிடந்துட்டுப் போகட்டும்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டுவது இந்தப் பேச்சை நம்பித்தான்.

நிலம், வீடு, நகை வாரிசுக்குத் தானாக வந்து சேரும். துப்பாக்கி அப்படி வராது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் என்பது ஓர் ஆளுக்குத் தரும் அனுமதி. அந்த ஆள் போனால் அனுமதியும் போயிற்று. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: துப்பாக்கியைத் தொடாமல் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள்

புத்தகத்தில் பார்க்க வேண்டியவை: யார் பெயரில் இருக்கிறது, என்ன வகைத் துப்பாக்கி, அதன் நம்பர், எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், எந்த எல்லைக்குள் செல்லும். இவற்றோடு 'யுஐஎன்' எனப்படும் தனி அடையாள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்டில் உள்ள எல்லாத் துப்பாக்கி லைசென்ஸையும் ஒரே கணினிப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. இதற்கான கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள், அதுவும் முடிந்து ஆண்டுகள் ஆகின்றன. கையால் எழுதி, பழைய சீல்கள் குத்திய புத்தகத்தில் அந்த எண்ணைக் காணவில்லை என்றால், புதுப்பித்த தேதி சரியாகவே இருந்தாலும் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள்.

அடுத்து துப்பாக்கியின் நம்பர். குழலின் அடிப்பக்கத்திலோ, குழல் கட்டையோடு சேரும் இடத்திலோ வெட்டியிருப்பார்கள். பல வருஷத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாது. இங்கேதான் பலர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட செயல். எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. எண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு, "எண் தெளிவாக இல்லை" என்று மனுவில் எழுதுங்கள்.

துடைப்பதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. வாய்வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத் திறந்து பார்த்து, உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் வெடிக்கும். பழகியவர்கள் இடிகம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். கம்பி நுனி கேப்பு (பொறி கிளப்பும் சிறு மூடி) வைக்கும் இடம் வரை எட்டாமல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் அதையும் செய்ய வேண்டாம். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் பூட்டிவிட்டு, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

எத்தனை துப்பாக்கி இருக்கிறது?

ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்று முன்பு இருந்தது. 2019 டிசம்பர் 14 முதல் அது இரண்டு. நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவில் ஒன்றுதான் இருந்தது, எதிர்ப்பு வந்த பிறகே இரண்டாக்கினார்கள். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. "பரம்பரையாக வந்தது, அது கணக்கில் சேராது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பரம்பரைத் துப்பாக்கிக்கும் இரண்டுதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் தனி விதி உண்டு. வீட்டில் இன்னமும் மூன்றாவது கிடக்கிறதென்றால், ஒரு வழக்கறிஞரோடு போய் எழுத்து மூலம் ஒப்படைத்துவிடுங்கள். நாள் தள்ளத் தள்ளச் சிக்கல்தான் கூடும்.

லைசென்ஸ்காரர் உயிரோடு இருந்தால்

அப்பாவுக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே அவர் விரும்பும் வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆம் விதி இதைச் சொல்கிறது. மகன், மகள் மட்டுமல்ல, மருமகன், மருமகளும் வாரிசுப் பட்டியலில் வருகிறார்கள். அப்பா நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவதுதான் நல்லது. அவரே கையெழுத்துப் போட்டு, அவரே அதிகாரி முன் நின்று சொன்னால் பாதி அலைச்சல் மிச்சம்.

புதுப்பிக்கத் துப்பாக்கியைக் கொண்டுபோகும் தெம்பு அப்பாவுக்கு இல்லையா? அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால், லைசென்ஸ் இல்லாத மகன் அந்த வேலைக்காக எடுத்துப் போகச் சட்டம் இடம் தருகிறது. கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அவர் காலமாகிவிட்டால்

காரியம் முடிந்த கையோடு பார்க்க வேண்டிய வேலை இது. 21ஆம் பிரிவு "தேவையற்ற தாமதமின்றி" ஒப்படைக்கச் சொல்கிறது. பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்கலாம். முதலில் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோங்கள். இறப்புச் சான்றின் நகலும் லைசென்ஸ் புத்தகமும் கூடவே இருக்கட்டும்.

ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் துப்பாக்கி வகை, நம்பர், குழல் ஒற்றையா இரட்டையா, கட்டையில் விரிசல் உண்டா, எத்தனை தோட்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். "துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், "ஐயா, நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். பின்னாளில் திரும்பப் பெறும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

ஒப்படைத்துவிட்டு மறந்தும் விடக்கூடாது. விதிக்கப்பட்ட காலத்துக்குள் உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெற வேண்டும், அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அரசுடைமையாக்க உத்தரவு வரும்.

வாரிசு மனு

மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வீடு என்றால் கமிஷனர் அலுவலகம். அதற்கு வெளியே என்றால் கலெக்டர் அலுவலகம். மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முதலிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள், தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். மற்ற வாரிசுகள் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் மனு நின்றுபோவது இந்த இடத்தில்தான். துப்பாக்கிக்காகப் பஞ்சாயத்து வைப்பதைவிட, யாருக்குப் போக வேண்டும் என்பதை அப்பா இருக்கும்போதே பேசி முடித்துவிடலாம். மனுவோடு மருத்துவச் சான்றும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். பிறகு மனு போலீஸ் விசாரணைக்குப் போகும்.

"சொத்து கம்மியா இருக்கு, உனக்கெல்லாம் லைசென்ஸ் கிடைக்காது" என்று வாசலில் நிற்கும் தரகர்கள் பயமுறுத்துவார்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பழுது பார்ப்பதும் மாற்றுவதும்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். துடைப்பது, எண்ணெய் போடுவது உங்கள் வேலை. அதற்கு மேல் எதுவானாலும் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரர்தான் கை வைக்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்துபோச்சு என்று ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால், லைசென்ஸ் இல்லாமல் பழுது பார்த்த குற்றம் அவர் தலையில் விழும், அவருடைய குடும்பத்தையும் சேர்த்துக் கஷ்டத்தில் தள்ளுகிறீர்கள். தூக்க வசதியாக இருக்கட்டும் என்று குழலை அறுத்துக் குட்டையாக்குவது இன்னும் மோசம். பயிர்க்காவல் லைசென்ஸில் நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, அதைத் தோட்டா போடும் வகைக்கு மாற்றுவதையும் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் தடுத்திருக்கிறது. ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றினால் குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். லைசென்ஸ் இல்லாமல் பழுது பார்த்ததற்கும் அதே தண்டனைதான்.

காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதும் பாதிதான் உண்மை. 0.177 அங்குலத்துக்கு மிகாத வாயும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளதற்குத்தான் அந்த விலக்கு. வேகம் கூட்ட ஸ்பிரிங் மாற்றும் பையன்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கல்யாணம், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காட்டோரம் இருப்பவர்களுக்கு

சாப்டூர் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பதிவும் உண்டு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர் வனத்துறையிடமும் பெயரைப் பதிய வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் தருவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். மனு ஏன் நகரவில்லை என்று தெரியாமல் அலைகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கையில் பயிர்க்காவல் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவின்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காத்த கடலையைப் பன்றி ஒரு மணி நேரத்தில் கிளறிப் போடும்போது வரும் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அந்த ஆத்திரத்தில் ஒரு தோட்டா போனால் பயிரோடு லைசென்ஸும் போய், வனத்துறை வழக்கும் சேர்ந்துகொள்ளும். ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு

இப்போது லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத் தருகிறார்கள். முன்பு மூன்று. இடைவெளி நீண்டதால் மறப்பதும் கூடிவிட்டது. முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், முடிவு வந்ததும் நீங்களே போய்க் கேளுங்கள். விற்க நினைத்தால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் சொல்லி 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும்.

மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியதாக இருந்தால் தவிர, காரணம் சொல்லியாக வேண்டும். உத்தரவு கைக்கு வந்த தேதியைக் கவரோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. எல்லாம் முடியும்வரை துப்பாக்கி ஸ்டேஷனிலோ கடையிலோதான் இருக்க வேண்டும், வீட்டுக்கு வரக்கூடாது.