திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஓலையில் எழுதிப் பழக

ஆங்கிலேயர் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை மாணவர்களுக்கு விளக்கப் படம் போதாது; ஓலையைக் கையில் கொடுங்கள். இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஓலை காயவே பெரும்பகுதி நாள் போய்விடும்.

முற்றிய பனையோலை வெடிக்கும், குருத்தோலை சுருங்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதை எடுத்து, ஈர்க்கை நீக்கி, 3 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் நறுக்குங்கள். பச்சை வெளுக்கும்வரை நிழலில் காயட்டும். பிறகு அகலமான பாத்திரத்தில் மஞ்சள் கலந்த நீரில் அரைமணி நேரம் வேகவைத்து, மறுபடி நிழலில் உலர்த்தி, பலகைக்கடியில் பாரம் வைத்து நிமிர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு ஒடியும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கடைசியில் சங்காலோ வழவழப்பான கூழாங்கல்லாலோ தேய்க்க வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் எழுத்தாணி நாரில் சிக்கி இழுக்கும்.

ஓலைகளைக் கயிற்றில் கோக்கும் துளையைக் காய்ச்சிய ஊசியால் போடுங்கள். கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் புரட்டும்போது துளையருகே ஓலை கிழியும்.

தொடக்கக்காரருக்குக் கனமான குண்டெழுத்தாணிதான் ஏற்றது. கிடைக்காவிட்டால் மரப்பிடி போட்ட ஆணி போதும், ஆனால் நுனியை உரசி மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் கீறாது, வெட்டிவிடும்.

ஓலைக்கு முன் மணல். தரையில் ஆற்றுமணல் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தை இங்கே பார்த்து எடுத்துக்கொண்டவர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்து, ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். உங்கள் வகுப்பிலும் அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சட்டாம்பிள்ளையை நியமியுங்கள்.

இனி எழுதுவது. சம்மணமிட்டு உட்கார்ந்து ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணி நுனியை இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும். ஓலைதான் இடப்பக்கம் நகரும். வலக்கை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சுழிக்கும். பேனா பிடித்துப் பழகிய எல்லோரும் கையை ஓட்டுவார்கள், வரி கோணும். கிடைக்கோடு நாரின் போக்கில் போவதால் அழுத்தினால் ஓலை பிளக்கும். வளைவுகளுக்கு அந்த ஆபத்து குறைவு. புள்ளி குத்தாதீர்கள், ஓட்டை விழும். புள்ளி இல்லாததால் மெய்யெழுத்தை இடம்பார்த்துத்தான் படித்தார்கள்.

கீறியது உடனே கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துப் பூசி, துணியால் துடைத்தால் கரி கீறலில் மட்டும் தங்கும். சாறு மிகுந்தால் ஓலை முழுக்கப் பச்சைக்கறை.

மாதிரியாக ஆத்திசூடி வரிகள் போதும். கணக்குக்கு எண்சுவடி என்னும் பழைய வாய்பாடு: காணி 1/80, மா 1/20, வீசம் 1/16, அரைக்கால் 1/8. இவற்றை எழுதிப் போடாமல் வாயால் ஒப்பிக்க விடுங்கள். அன்றைய கணக்கு நாக்கில்தான் இருந்தது.

சிறுமிகளும் உட்காரட்டும். ஆனால் அன்றைய நிலையையும் சொல்லிவிடுங்கள்: ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் தொகுத்த கணக்கில், சென்னை மாகாணப் பள்ளிகளின் 1,88,650 பிள்ளைகளில் பெண்கள் 4,540 பேர்தான். வீட்டில் படித்தவர்கள் அதில் இல்லை.

கைகளைக் கட்டிக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையை வாயால் சொன்னால் போதும். நடித்துக் காட்ட வேண்டாம்.